நம் நாட்டுக் காற்பந்துக் குழு: வளர்ந்த வரலாறும் எட்ட வேண்டிய இலக்கும்

உலக மக்கள் பெரிதும் விரும்பி ஆடும் ஆட்டம் காற்பந்து. ஒரு பந்தும் ஒரு திடலும் இருந்தால் போதும். ஏழை, செல்வர் என்ற வேறுபாடின்றி எவரும் ஆடலாம். நம் நாட்டுத் தோட்டங்களில் ஆலயமும் பள்ளியும் எவ்வளவு இன்றியமையாதவையாக இருந்தனவோ, அவ்வாறே திடலும் இருந்தது. பால் மரத்து வேலை முடிந்த மாலைப் பொழுதுகளில் பெரியோரும் சிறுவரும் அத்திடலில் கூடி ஆடினர். தோட்டத்திற்குத் தோட்டம் குழுக்கள் அமைந்தன, போட்டிகள் நடைபெற்றன.

'ஹரிமாவ் மலாயா', அதாவது மலாயாப் புலிகள், என்று அழைக்கப்படும் நம் நாட்டுக் காற்பந்துக் குழு எவ்வாறு வளர்ந்தது? எந்தக் காலத்தில் உயர்ந்தது? ஏன் தாழ்ந்தது? இனி அது எதை எட்ட விரும்புகிறது? இவற்றை மாணவரும் பெற்றோரும் அறிந்துகொள்ளும் பொருட்டு இக்கட்டுரை எழுதப்படுகிறது. இவ்வரலாற்றை ஊன்றிப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். நம் மண்ணில் பொறுமையுடன் ஆட்டக்காரர்களை வளர்த்தபோதெல்லாம் நம் குழு உயர்ந்தது; குறுக்கு வழியை நாடியபோதெல்லாம் தலைகுனிந்தது.

போர்க்கப்பல் தந்த கிண்ணம்

நம் நாட்டுக் காற்பந்து வரலாற்றில் ஒரு போர்க்கப்பலுக்கும் இடமுண்டு. கூட்டு மலாய் மாநிலங்கள் அளித்த பணத்தைக் கொண்டு பிரிட்டிஷ் கடற்படைக்கு ஒரு போர்க்கப்பல் கட்டப்பட்டது. அதற்கு 'மலாயா' என்றே பெயர் சூட்டப்பட்டது. 1921ஆம் ஆண்டில் அக்கப்பல் நம் துறைமுகங்களுக்கு வந்தபோது மக்கள் அதைச் சிறப்பாக வரவேற்றனர். அதற்கு நன்றியாகக் கப்பலைச் சேர்ந்தோர் இரண்டு கிண்ணங்களைப் பரிசளித்தனர். ஒன்று காற்பந்துக்கு; மற்றொன்று ரக்பி ஆட்டத்திற்கு.

அவ்வாண்டிலேயே மலாயாக் கிண்ணப் போட்டி தொடங்கியது. முதல் முறை சிலாங்கூரை வென்று சிங்கப்பூர் கிண்ணத்தைக் கைப்பற்றியது. 1967ஆம் ஆண்டு முதல் அப்போட்டி மலேசியக் கிண்ணம் என்னும் பெயரில் நடைபெற்று வருகிறது.

இப்போட்டியினால் விளைந்த நன்மை பெரிது. ஒவ்வொரு மாநிலமும் தன் சிறந்த ஆட்டக்காரர்களைத் தேடிப் பிடித்து, பயிற்சியளித்து, களத்தில் இறக்கியது. பள்ளித் திடலிலும் தோட்டத் திடலிலும் திறமை காட்டிய இளைஞன் மாவட்டக் குழுவுக்கும், பின்னர் மாநிலக் குழுவுக்கும் ஏறிச் செல்ல ஒரு படிக்கட்டு அமைந்தது. அப்படிக்கட்டின் உச்சியில் நாட்டுக் குழு நின்றது.

விடுதலையோடு பிறந்த விழா

1957ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் மலாயா விடுதலை பெற்றது. விடுதலை முழக்கம் எழுந்த அதே மெர்டேக்கா அரங்கத்தில் அவ்வாண்டிலேயே 'மெர்டேக்கா' காற்பந்து விழாவும் தொடங்கியது. நாட்டின் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் அவர்கள் காற்பந்துச் சங்கத்தின் தலைவராகவும் விளங்கினார். ஆசிய நாடுகளைத் தம் நாட்டிற்கு விருந்தினராக அழைத்து ஆடச் செய்ய வேண்டும் என்பது அவருடைய ஆவல்.

முதலாண்டில் ஹாங்காங் குழு வென்றது. அடுத்த ஆண்டிலும் அதற்கடுத்த ஆண்டிலும் மலாயா வென்றது. 1960இல் தென் கொரியாவும் மலாயாவும் கிண்ணத்தைப் பகிர்ந்து கொண்டன. ஜப்பான், தென் கொரியா, பர்மா, இந்தோனேசியா முதலிய நாடுகளின் சிறந்த குழுக்கள் கோலாலம்பூருக்கு வந்து சென்றன. வலிமை மிக்க குழுக்களோடு அடிக்கடி மோதியதால் நம் ஆட்டக்காரர்கள் உரம் பெற்றனர்.

அதன் பயன் விரைவில் தெரிந்தது. 1961ஆம் ஆண்டில் ரங்கூனில் நடைபெற்ற தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுப் போட்டியில் மலாயா தங்கப் பதக்கம் வென்றது. அடுத்த ஆண்டு ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெண்கலப் பதக்கம் பெற்றது. 'பந்தாட்ட அரசர்' என்று மக்கள் பாராட்டிய அப்துல் கனி மின்ஹாட் போன்றோர் ஆடிய காலம் அது.

மியூனிக் நகரில் நம் கொடி

1971ஆம் ஆண்டில் ஒலிம்பிக் தகுதிச் சுற்று சியோல் நகரில் நடைபெற்றது. நம் குழு வெல்லும் என்று அன்று எதிர்பார்த்தோர் மிகச் சிலரே. 1968ஆம் ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்கம் வென்ற ஜப்பானும் அங்கு இருந்தது. சொந்த மண்ணில் ஆடும் தென் கொரியாவும் இருந்தது. மலேசியா ஜப்பானை 3-0 என்னும் கணக்கில் வென்றது. தென் கொரியாவை 1-0 என்னும் கணக்கில் வீழ்த்தியது. ஆசியா வியந்தது.

1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கில் நம் குழு மூன்று ஆட்டங்கள் ஆடியது. மேற்கு ஜெர்மனியிடம் 0-3 எனத் தோற்றது. அமெரிக்காவை 3-0 என வென்றது. மொரோக்கோவிடம் 0-6 எனத் தோற்றது. அடுத்த சுற்றுக்குச் செல்லவில்லை என்றாலும், ஒலிம்பிக் களத்தில் பெற்ற அந்த ஒரு வெற்றி இன்றளவும் நிலைத்து நிற்கிறது.

அக்குழுவின் பெயர்ப் பட்டியலைப் பார்த்தாலே நெஞ்சம் நிறையும். எம். சந்திரன், சோ சின் ஆன், நாமாட் அப்துல்லா, ஷஹாருடின் அப்துல்லா, வோங் சூன் வா என இந்தியரும் சீனரும் மலாய்க்காரரும் ஒரே சட்டை அணிந்து ஆடினர். வீட்டில் பேசும் மொழி வேறாயினும் திடலில் அவர்கள் பேசிய மொழி ஒன்றே. இரண்டாண்டுகள் கழித்து, 1974இல் தெஹ்ரானில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் நம் நாடு மீண்டும் வெண்கலம் வென்றது.

மூன்று தூண்கள்

எழுபதுகளின் குழுவைத் தாங்கிய மூன்று பெயர்களை மாணவர்கள் மறவாது அறிந்திருத்தல் வேண்டும்.

முதலாமவர் மொக்தார் டஹாரி. மின்னல் போல் பாய்ந்து, இடி போல் பந்தை உதைப்பவர். 1978ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் 'பி' குழுவுக்கு எதிராக மெர்டேக்கா அரங்கத்தில் தன்னந்தனியாகப் பந்தைக் கடத்திச் சென்று அவர் அடித்த கோலைப் பற்றி முதியோர் இன்றும் பேசுவர். நாட்டுக்காக 142 அனைத்துலக ஆட்டங்களில் 89 கோல்கள் அடித்தவர் என உலகக் காற்பந்துச் சம்மேளனம் அவரைப் போற்றியுள்ளது. தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நரம்பு நோயினால் 1991ஆம் ஆண்டில், தம் 37ஆம் வயதில், அவர் மறைந்தார்.

இரண்டாமவர் சோ சின் ஆன். 'தவுக்கே' என்று அன்போடு அழைக்கப்பட்டவர். தற்காப்பு அரணாக நின்று பல்லாண்டுகள் நாட்டுக்கு ஆடியவர். பரபரப்பின்றி, எதிரியின் எண்ணத்தை முன்கூட்டியே உணர்ந்து ஆடுவது அவர் தனிச்சிறப்பு.

மூன்றாமவர் ஆர். ஆறுமுகம். கிள்ளான் துறைமுகத்தில் பிறந்த தமிழ் மகன். நீண்ட கைகளை விரித்துப் பந்தைத் தாவிப் பிடிக்கும் ஆற்றலைக் கண்ட மக்கள் அவரைச் 'சிலந்தி மனிதன்' என்றழைத்தனர். கோல் காவலரின் பணி கடினமானது. பத்துப் பேர் செய்யும் பிழைகளைத் திருத்த அணியில் ஆள் உண்டு. கோல் காவலர் செய்யும் பிழையைத் திருத்த எவருமில்லை. அத்தகைய பொறுப்பை ஏற்றுப் பல ஆண்டுகள் நாட்டைக் காத்த ஆறுமுகம், 1988ஆம் ஆண்டில் சாலை விபத்தில் 35ஆம் வயதில் உயிர் நீத்தார்.

வென்றும் செல்லாத ஒலிம்பிக்

1980ஆம் ஆண்டு மாஸ்கோ ஒலிம்பிக்குக்கான தகுதிச் சுற்று கோலாலம்பூரிலேயே நடைபெற்றது. ஏப்ரல் 6ஆம் நாள் நடந்த முடிவாட்டத்தில் தென் கொரியாவை நம் குழு எதிர்கொண்டது. மெர்டேக்கா அரங்கம் நிரம்பி வழிந்தது. ஆட்டம் 1-1 என்னும் நிலையில் முடிவை நெருங்கியபோது, சபா மாநிலத்து ஹசான் சானி தந்த பந்தை அதே மாநிலத்து ஜேம்ஸ் வோங் வலைக்குள் செலுத்தினார். 2-1! அரங்கமே அதிர்ந்தது.

ஆயினும் அக்குழு மாஸ்கோ செல்லவில்லை. சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததைக் கண்டித்துப் பல நாடுகள் அவ்வொலிம்பிக்கைப் புறக்கணித்தன. மலேசியாவும் அவற்றுள் ஒன்று. நமக்குரிய இடத்தில் ஈராக் ஆடியது. வாழ்நாள் முழுவதும் காத்திருந்த வாய்ப்பு கைக்கெட்டியும் வாய்க்கெட்டாமற் போனது. ஆட்டக்காரர்கள் நாட்டின் முடிவை ஏற்றுத் தலைவணங்கினர். 2016ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஓலா போலா' என்னும் திரைப்படம் இந்நிகழ்ச்சியை அடியொற்றி எடுக்கப்பட்டதே. அதன் பிறகு ஒலிம்பிக் காற்பந்துக்கு நம் நாடு தகுதி பெற்றதில்லை.

சரிவும் அதன் காரணமும்

1977, 1979, 1989 ஆகிய ஆண்டுகளில் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற நம் குழு, பின்னர்ச் சரியத் தொடங்கியது. ஜப்பானும் தென் கொரியாவும் பயிற்சியையும் இளைஞர் வளர்ச்சியையும் அறிவியல் முறையில் செம்மைப்படுத்தி நெடுந்தூரம் முன்னேறின. நாம் பின்தங்கினோம்.

அதனினும் பெரிய கேடு உள்ளிருந்தே வந்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், சூதாட்டக்காரர்களிடம் பணம் பெற்று ஆட்டத்தின் முடிவை முன்னரே விலைபேசிய கொடுமை அம்பலமாயிற்று. நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள் விசாரிக்கப்பட்டனர், பலர் நீக்கப்பட்டனர், பலர் தடைசெய்யப்பட்டனர். ஒரு தலைமுறையின் திறமை வீணாயிற்று. அரங்கத்திற்கு வந்துகொண்டிருந்த மக்களில் பலர், 'இது மெய்யான ஆட்டந்தானா?' என்று ஐயுற்று விலகினர். இழந்த பணத்தை மீட்கலாம். இழந்த நம்பிக்கையை மீட்பது அரிது.

இதே காலத்தில் நாட்டின் முகமும் மாறியது. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன, வீடமைப்புப் பகுதிகளாயின. குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தன. தோட்டத்தோடு தோட்டத் திடலும் மறைந்தது. அடுக்குமாடி வீட்டில் வளரும் சிறுவனுக்குப் பந்து உதைக்க இடம் எங்கே? ஒரு காலத்தில் தாமாகவே முளைத்த ஆட்டக்காரர்களை இனித் தேடி வளர்க்க வேண்டிய நிலை உண்டாயிற்று. உலகத் தர வரிசையில் 2018ஆம் ஆண்டில் நம் நாடு 178ஆம் இடம்வரை தாழ்ந்தது.

ராஜகோபால் வளர்த்த இளைஞர்கள்

இருளினிடையே ஒரு விளக்கும் ஒளிர்ந்தது. 2007ஆம் ஆண்டில் 'ஹரிமாவ் மூடா' என்னும் இளம் புலிகள் குழு அமைக்கப்பட்டது. இளைஞர்கள் ஒன்றாகத் தங்கி, ஒன்றாகப் பயின்று, ஒன்றாக ஆடினர். முன்னாள் நாட்டு ஆட்டக்காரரான கே. ராஜகோபால் பயிற்றுநராகப் பொறுப்பேற்று, 2009ஆம் ஆண்டில் லாவோஸில் நடைபெற்ற தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்று தந்தார். இருபது ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த தங்கம் அது.

அடுத்த ஆண்டு, 2010இல், தென்கிழக்காசியக் கிண்ணப் போட்டி நடைபெற்றது. முதல் ஆட்டத்திலேயே இந்தோனேசியாவிடம் 1-5 என நம் குழு தோற்றது. பலர் கைவிட்டனர், பயிற்றுநர் கைவிடவில்லை. அக்குழுவே இறுதியாட்டத்திற்கு முன்னேறி, அதே இந்தோனேசியாவை மீண்டும் சந்தித்தது. இறுதிச் சுற்று இரு ஆட்டங்களாக நடைபெறும். இரண்டிலும் அடித்த கோல்களைக் கூட்டியே வெற்றி முடிவாகும். டிசம்பர் 26ஆம் நாள் புக்கிட் ஜாலில் அரங்கத்தில் மலேசியா 3-0 என வென்றது. 29ஆம் நாள் ஜகார்த்தாவில் 1-2 எனத் தோற்றாலும், மொத்தக் கணக்கில் 4-2 எனக் கிண்ணம் நமதாயிற்று. சாஃபி சாலி அப்போட்டியில் ஐந்து கோல்கள் அடித்து முதலிடம் பெற்றார். கோல் காவலர் கைருல் ஃபாமி ஜகார்த்தாவில் ஒரு தண்டனை உதையைத் தடுத்து நிறுத்தினார். எஸ். குணாளனும் அக்குழுவில் ஆடினார். வெற்றியைக் கொண்டாட டிசம்பர் 31ஆம் நாள் நாடெங்கும் பொது விடுமுறை அறிவிக்கப்பட்டது.

அக்காலத்தில் நம் உள்நாட்டுப் போட்டிகளில் வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கு இடமளிக்கப்படவில்லை என்பது கருதத்தக்கது. நம் இளைஞர்களுக்கு ஆட வாய்ப்பு கிடைத்தது. அவ்வாய்ப்பே அவர்களை வளர்த்தது.

ஆசியக் கிண்ணமும் அண்மைக் காலமும்

ஆசியக் கிண்ணப் போட்டிக்கு 1976, 1980 ஆகிய ஆண்டுகளில் நம் நாடு தகுதி பெற்றிருந்தது. 2007இல் போட்டியை நடத்திய நான்கு நாடுகளுள் ஒன்று என்ற முறையில் பங்கேற்றது. அதன்பின், தென் கொரியரான கிம் பான் கோன் பயிற்றுநராக இருந்தபோது, 2022ஆம் ஆண்டில் வங்காளதேசத்தை 4-1 என வென்று மீண்டும் தகுதி பெற்றது. தன் ஆட்டத்திறனால் அவ்வாசலைத் திறக்க நமக்கு 42 ஆண்டுகள் ஆயின.

2024ஆம் ஆண்டு ஜனவரியில் கத்தார் நாட்டில் அப்போட்டி நடைபெற்றது. ஜோர்டானிடமும் பஹ்ரேனிடமும் நாம் தோற்றோம். ஆனால் மூன்றாம் ஆட்டத்தில், உலகப் புகழ் பெற்ற ஆட்டக்காரர்கள் நிறைந்த தென் கொரியாவுடன் 3-3 எனச் சமநிலை கண்டோம். மூன்றாவது கோல், கூடுதல் நேரத்தின் பதினைந்தாவது நிமிடத்தில் விழுந்தது. அவ்வாட்டத்தில் முதல் கோல் அடித்த ஃபைசால் ஹலிம், அதே ஆண்டு மே மாதத்தில் அமிலத் தாக்குதலுக்கு உள்ளாகிப் படுகாயமுற்றார். அறுவைச் சிகிச்சைகளைத் தாங்கி, சில மாதங்களிலேயே மீண்டும் திடலுக்குத் திரும்பினார். மன உறுதிக்கு அவர் ஓர் எடுத்துக்காட்டு.

2025ஆம் ஆண்டு தந்த பாடம்

ஒருவர் எந்த நாட்டுக்காக ஆடலாம் என்பதற்கு உலகக் காற்பந்துச் சம்மேளனம் விதிகள் வகுத்துள்ளது. அவரோ, அவர் பெற்றோரோ, பாட்டன் பாட்டியரோ அந்நாட்டில் பிறந்திருக்க வேண்டும். அல்லது அவர் அந்நாட்டில் குறிப்பிட்ட ஆண்டுகள் வாழ்ந்திருக்க வேண்டும். இவ்விதிப்படி நேர்மையாக வந்து சேரும் ஆட்டக்காரர்களை வரவேற்பதில் தவறில்லை. பல நாடுகள் அவ்வாறு செய்கின்றன.

2025ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் புதிதாகச் சேர்க்கப்பட்ட ஆட்டக்காரர்களோடு மலேசியா வியட்நாமை 4-0 என வென்றது. மக்கள் மகிழ்ந்தனர். அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. எழுவருடைய பாட்டன் பாட்டியர் மலேசியாவில் பிறந்தவர்கள் எனக் காட்டிய ஆவணங்கள் திருத்தப்பட்டவை என்று சம்மேளனம் கண்டது. அவர்கள் உண்மையில் பிற நாடுகளில் பிறந்தவர்கள் என்பதை மூலப் பதிவுகள் காட்டின. செப்டம்பரில் அவ்வெழுவருக்குத் தடையும், மலேசியக் காற்பந்துச் சங்கத்திற்கு அபராதமும் விதிக்கப்பட்டன. சங்கம் செய்த மேல்முறையீட்டையும் சம்மேளனத்தின் மேல்முறையீட்டுக் குழு நவம்பரில் தள்ளுபடி செய்தது.

மாணவர்களே, இதை மறைக்காமல் எழுதுவதற்குக் காரணம் உண்டு. தேர்வில் பார்த்தெழுதிப் பெற்ற புள்ளிகள் அறிவாகா. அதுபோலவே, பொய்யான தாளின்மேல் நின்ற வெற்றி வெற்றியாகாது. அரங்கத்தில் தொண்டை வறளக் கூவிய பல்லாயிரம் மக்களின் நம்பிக்கையை அது புண்படுத்துகிறது. இடம் கிடைக்கும் என்று ஆண்டுக்கணக்கில் உழைத்த நம் இளைஞர்களுக்கும் அது இழைத்த அநீதியாகும்.

எட்ட வேண்டிய இலக்கு

உலகக் கிண்ண இறுதிச் சுற்றில் மலேசியா இதுவரை ஆடியதில்லை. 1974ஆம் ஆண்டுக் கிண்ணத்திற்கான தகுதிச் சுற்று தொட்டு நாம் முயன்று வருகிறோம். முன்பு மிகக் குறுகலாக இருந்த வாசல் இப்போது அகலமாகியுள்ளது. 2026ஆம் ஆண்டிலிருந்து இறுதிச் சுற்றில் 48 நாடுகளுக்கு இடமுண்டு. ஆசியாவுக்கு நேரடியாக எட்டு இடங்கள். ஆனால் 2026க்கான இரண்டாம் தகுதிச் சுற்றிலேயே, பத்துப் புள்ளிகளுடன் மூன்றாம் நிலை பெற்று நாம் வெளியேறினோம்.

2030ஆம் ஆண்டுக்குள் ஆசியாவின் முதல் ஐந்து நாடுகளுள் ஒன்றாவோம் எனக் காற்பந்துச் சங்கம் முன்னர் ஒரு திட்டம் வகுத்தது. உயர்ந்த எண்ணம் நன்றே. அதற்குரிய உழைப்பு எங்கே தொடங்க வேண்டும் என்பதே வினா.

நம்மை 4-0 என வென்ற ஜோர்டானைப் பாருங்கள். மக்கள்தொகையில் நம் நாட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். அந்நாடு 2024இல் ஆசியக் கிண்ணத்தின் இறுதியாட்டம்வரை சென்றது. 2025இல் முதன்முறையாக உலகக் கிண்ணத்திற்குத் தகுதி பெற்றது. உஸ்பெகிஸ்தானும் அவ்வாண்டிலேயே தகுதி பெற்றது. அந்நாட்டின் இருபது வயதிற்குட்பட்டோர் 2023இல் ஆசிய வெற்றியாளர்களாயினர். கன்று வளர்ந்த பிறகே மரம் பயன் தந்தது.

தோட்ட மக்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. இன்று நட்ட ரப்பர்க் கன்றில் நாளையே பால் இறங்காது. ஐந்தாறு ஆண்டுகள் களை பறித்து, உரமிட்டு, காத்திருந்த பிறகே உளி வைக்க முடியும். பொறுமையிழந்து இளமரத்தைச் சீவினால் மரமே கெடும். ஆட்டக்காரரும் அவ்வாறே. 2014ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தேசியக் காற்பந்து மேம்பாட்டுத் திட்டமும், பகாங் மாநிலத்துக் கம்பாங்கில் மொக்தார் டஹாரியின் பெயரைத் தாங்கி நிற்கும் பயிற்சிக் கழகமும் இந்நோக்கத்தோடு அமைந்தவையே. அவை இடையறாது, மாநிலந்தோறும் பள்ளிதோறும் வேர்விட வேண்டும்.

நம் பங்கும் இதில் உண்டு. பெற்றோர் தம் பிள்ளைகளைப் படிப்போடு திடலுக்கும் அனுப்ப வேண்டும். மாலையில் ஒரு மணி நேர ஓட்டம் படிப்பைக் கெடுக்காது. சிறிய பள்ளியாயினும், பதினொருவர் சேராவிட்டால் எழுவரைக் கொண்டு குழு அமைக்கலாம். ஊர்ப் பெரியோர் தங்கள் வட்டாரத்துத் திடல் மறையாதபடி காக்க வேண்டும். மாணவர்கள் நேரத்தோடு பயிற்சிக்கு வருதல், நடுவரின் முடிவுக்குப் பணிதல், தோற்றபோதும் எதிரணியின் கையைக் குலுக்குதல் ஆகிய பண்புகளை இப்பொழுதே பழக வேண்டும். ஆறுமுகமும் சந்திரனும் சோ சின் ஆனும் மொக்தாரும் ஒரு காலத்தில் உங்களைப் போன்ற சிறுவர்களே.

ஊர் கூடி இழுத்தால்தான் தேர் நகரும். அந்தத் தேர் உலகக் கிண்ணத் திடலை அடையும் நாளில், அதன் வடத்தைப் பிடித்த கைகளுள் நம் பள்ளி மாணவர் ஒருவரின் கையும் இருக்குமாக!